திரி வைத்த காது, திரையில் தெரியும் காது

நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு என்றால் அது ஓர் இருட்டறை. ஜன்னலுக்குத் தடித்த துணி போட்டிருக்கும். நோயாளியின் இடது தோளுக்குப் பின்னால் லென்ஸ் பொருத்திய ஒரு நிற்கும் விளக்கு. டாக்டரின் நெற்றியில், நடுவே ஓட்டை போட்ட வட்டக் கண்ணாடி. விளக்கு வெளிச்சம் அந்தக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, காதில் செருகிய சின்ன உலோகப் புனலுக்குள் விழும். ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் டாக்டர் உள்ளே பார்ப்பார். நோயாளி கொஞ்சம் அசைந்தால் வெளிச்சம் கன்னத்துக்குப் போய்விடும். "தலையை ஆட்டாதே" என்று அதட்டல் விழும். வலிக்கிற காதை மேலும் பின்னுமாகப் பிடித்து இழுத்தால் ஆடாமல் யார் இருப்பார்?

பக்கத்து மேஜையில் கம்பவுண்டரின் சாம்ராஜ்யம். பித்தளைச் சிரிஞ்சு ஒன்று, அதன் கீழே பிடிக்க எனாமல் கிட்னி ட்ரே, பஞ்சு சுற்றுவதற்கு நீளமான மெல்லிய கம்பி, ரிப்பன் அகலத்துக்குக் கிழித்த காஸ் துணிச் சுருள். புட்டிகளில் போரிக் ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, ஜென்ஷியன் வயலெட் என்கிற நீல மருந்து, பிறகு கன்னங்கரேலென்று ஒரு கெட்டித் திரவம். அதுதான் இக்தியால் கிளிசரின். காது வீங்கி அடைத்துப் போனவர்களுக்கு அந்தக் கறுப்பு மருந்தில் காஸ் துணியை நனைத்து, காதுக்குள் திரி வைப்பார்கள். கிளிசரின் வீங்கிய தோலிலிருந்து நீரை இழுக்கும். இக்தியால் அழற்சியைத் தணிக்கும். ஒன்றிரண்டு நாள் கழித்துத் திரியை எடுத்துவிட்டுப் புதுத் திரி. சட்டைக் காலரில் கறுப்புக் கறையோடு ஒருவர் தெருவில் போனால், அவர் எங்கே போய்விட்டு வருகிறார் என்று ஊருக்கே தெரியும்.

இன்று அந்த மருந்தைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் வீங்கி அடைத்துக் கொண்ட காதில் வெறும் சொட்டு மருந்து உள்ளே போகாது, ஒரு திரி வேண்டும் என்ற கணக்கு இன்றும் மாறவில்லை. காஸ் துணிக்குப் பதிலாக, மருந்து பட்டதும் உப்பிக்கொள்ளும் சின்னப் பஞ்சுக்கட்டை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

புறக்காதின் குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். வெளியே மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு. குறும்பி சுரப்பது அங்கே. உள்ளே மூன்றில் இரண்டு பங்கு எலும்பு. எலும்புப் பகுதியில் தோல் மிக மெல்லியது, அடியில் கொழுப்பு கிடையாது, எலும்பின் மேலேயே ஒட்டியிருக்கிறது. வீக்கம் வந்தால் விரிவதற்கு இடமில்லை. ஆகவேதான் இத்தனை சின்ன இடத்துக்கு இத்தனை பெரிய வலி. காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டை விரலால் அழுத்தினாலே ஆள் துள்ளினால் கோளாறு புறக்காதில் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். செவிப்பறைக்கு உள்ளே இருக்கும் நடுக்காதில் சீழ் என்றால் அப்படி அழுத்தினால் வலிக்காது. நெற்றிக் கண்ணாடிக் காலத்து டாக்டரும் இதைத்தான் முதலில் செய்தார், இன்றைய டாக்டரும் இதைத்தான் செய்கிறார்.

மருத்துவமனைக்கு வருவதற்கு முன்னால் வீட்டில் ஒரு சுற்று நடந்திருக்கும். பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், துளசிச் சாறு, குழந்தைக் காது என்றால் தாய்ப்பால். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் காதுக்கும் இரண்டு சொட்டு உண்டு. நமைச்சலுக்குக் கொண்டை ஊசி, கோழி இறகு, சைக்கிள் சாவி. குறும்பியை அழுக்கு என்றே எல்லோரும் நினைத்தோம். அது லேசான அமிலத்தன்மையோடு கிருமிகளைத் தடுத்து வைக்கும் பூச்சு. அதைச் சுரண்டி எடுத்த இடத்தில்தான் கிருமி குடியேறுகிறது. எண்ணெயோ ஈரத்தோடு சேர்ந்து பூஞ்சைக்குத் தோதான படுக்கை. கிணற்றில் குதித்துவிட்டு வந்த பையன்கள் வெயிலில் சுட்டுக் கிடக்கும் கல்லைக் காதில் அழுத்திக்கொண்டு ஒற்றைக் காலில் குதிப்பார்கள். பெரியவர்களுடைய வைத்தியம் அத்தனையையும்விட எனக்கு இன்று நியாயமாகப் படுவது இந்தப் பொடியன்கள் செய்த வைத்தியம்தான். காதை உலர வை என்று இன்றைய பாடப்புத்தகம் சொல்வதை அவர்கள் கல்லால் செய்தார்கள்.

பூஞ்சையா பாக்டீரியாவா என்ற கேள்விக்கு வருவோம். காதில் பூஞ்சை வளரும் என்று ஐரோப்பிய மருத்துவர்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு வெகு காலம், வெப்ப நாடுகளில் வரும் காது நோய் எல்லாமே பூஞ்சைதான் என்ற எண்ணம் ஓடியது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அதற்கு 'சிங்கப்பூர் காது' என்றும் ஊருக்கு ஏற்றபடி வேறு பெயர்களும் வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் படை படையாகக் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் மருத்துவர்கள் சீழை முறையாக வளர்த்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் கிடைத்தது பூஞ்சை அல்ல. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. தண்ணீர், ஈரம், வெப்பம் எங்கே இருந்தாலும் வாழும் கிருமி. பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது. போரின் அதிசய மருந்து என்று பெயர் வாங்கிய பெனிசிலின் காதுவலிக்காரர்களுக்கு உதவாமல் போனதில் இந்தக் கிருமிக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் காலத்து டாக்டர்கள் சூடோமோனாஸை மூக்கால் அடையாளம் காண்பார்கள். பச்சை கலந்த சீழ், திராட்சை புளித்த மாதிரி ஒரு இனிப்பு வாடை.

பூஞ்சைக்கு வெகுநாள் தனி மருந்தே இல்லை. நீல மருந்தைத் தடவுவார்கள். காதிலிருந்து கழுத்து வரை ஊதா நிறம் வழியும். 1950இல் நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில் வேலை பார்த்த எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண்கள் நிஸ்டாட்டினைக் கண்டறிந்து அறிவித்தார்கள். 1970களில் குளோட்ரிமசோல் வந்தது. இன்றும் காதுப் பூஞ்சைக்கு முதலில் எழுதப்படுவது அதுதான். செவிப்பறையில் ஓட்டை இருக்கும்போது ஜென்ஷியன் வயலெட் நடுக்காதுக்குள் இறங்கினால் உட்காதைக் கெடுக்கும் என்று பிற்பாடு புரிந்து, நீலப் புட்டி மெல்ல அலமாரியின் பின்வரிசைக்குப் போனது. ஜென்டாமைசின், நியோமைசின் சொட்டுகளுக்கும் அதே எச்சரிக்கை.

இப்போது ஒரு நடுத்தர ஊரின் காது கிளினிக்குக்கு வாருங்கள். இருட்டறை இல்லை. சுவரில் டிவி திரை. டாக்டரின் கையில் பென்சிலைவிட மெல்லிய எண்டோஸ்கோப். மழைக்காலம் என்பதால் வெளியே கூட்டம். ஈரப்பதம் ஏறினால் பூஞ்சைக் காதுகள் வரத் தொடங்கிவிடும். நான் உட்கார்ந்து பார்த்த அன்று நாற்காலியில் ஐம்பது வயதைத் தாண்டிய பூக்கார அம்மா ஒருவர். காது அடைப்பு, தாங்க முடியாத நமைச்சல், இரண்டு நாளாக வலி. எண்டோஸ்கோப் உள்ளே போனதும் திரை முழுக்க ஒரு குகை. குகையை அடைத்துக்கொண்டு சாம்பல் வெள்ளையாக ஏதோ கிடந்தது. நனைந்த செய்தித்தாள் என்று பாடப்புத்தகங்கள் இதைச் சொல்வதுண்டு. அப்படியேதான் இருந்தது, அச்செழுத்துக்குப் பதிலாகக் கறுப்புப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் ஆஸ்பர்ஜிலஸ் நைஜர் பூஞ்சையின் வித்துத் தலைகள். கிட்டத்தில் போனபோது ஒவ்வொரு கறுப்புத் தலைக்கும் கீழே ஒரு மெல்லிய காம்பு தெரிந்தது. கேண்டிடா என்ற இன்னொரு பூஞ்சையாக இருந்தால் கறுப்பு இருக்காது, தயிர்த் திப்பி போன்ற வெள்ளை மட்டும்.

உறிஞ்சு குழாயை உள்ளே விட்டு டாக்டர் அதைத் துண்டு துண்டாக இழுத்தார். உர்ர்ரென்று காதுக்குள் பெரிய சத்தம் கேட்கும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். கடைசியில் பெரிய கட்டி ஒன்று முழுசாக வந்து தட்டில் விழுந்தது. அந்த அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் என் காதுலயா இருந்துச்சு டாக்டரம்மா?"

"ஆமாம்மா. என்ன ஊத்துனீங்க?"

"எண்ணெய்தான். அப்புறம் மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கிப் போட்டேன். ரெண்டு புட்டி முடிஞ்சுது."

டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. கட்டியை அகற்றிய பிறகு குழாயின் தோல் முழுக்கச் சிவந்து, அங்கங்கே தோலுரிந்து கிடந்தது. உலர்த்தி, குளோட்ரிமசோல் பூசி, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். மறுபடி சுத்தம் செய்தாக வேண்டும். மருந்தைவிடச் சுத்தம் செய்வதுதான் பெரும்பாதி வைத்தியம் என்பது அவர் கட்சி. கட்டி உள்ளே கிடக்க அதன் மேல் எத்தனை சொட்டு விட்டாலும் தோலைப் போய்ச் சேராது. சிரிஞ்சில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் கட்டி வெளியே வரும், ஆனால் ஈரம் உள்ளே நிற்கும், பூஞ்சை திரும்பும். அதனால் பித்தளைச் சிரிஞ்சு இந்தக் காதுகளுக்கு ஓய்வு பெற்றுவிட்டது.

அந்த அம்மா சொன்ன 'மெடிக்கல் சொட்டு' இந்தக் கதையில் முக்கியமான பாத்திரம். நம் கடைகளில் சர்வசாதாரணமாகக் கிடைக்கும் காது மருந்துகள் சிலவற்றில் நான்கு சரக்குகள் ஒன்றாக இருக்கும்: பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, வீக்கத்துக்கு ஸ்டீராய்டு, வலி மரத்துப் போக லிக்னோகெய்ன். எதனால் வலி என்று பார்க்காமலே எல்லாவற்றுக்கும் ஒரு சொட்டு. வெறும் ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு சொட்டாக இருந்தால் இன்னும் மோசம். பாக்டீரியாக்கள் சாகும், பூஞ்சைக்குப் போட்டி இல்லாமல் போகும், ஸ்டீராய்டு அந்த இடத்தின் எதிர்ப்பையும் தூங்க வைக்கும். பாக்டீரியாக் காதாகக் கடைக்குப் போனவர் பூஞ்சைக் காதாக டாக்டரிடம் வருவது இப்படித்தான். லிக்னோகெய்னைப் பற்றி எனக்குத் தனியாக ஒரு மனத்தாங்கல் உண்டு. இளவயதுக்காரருக்கு வலியை மரக்கச் செய்வது உபகாரம். சர்க்கரை நோயுள்ள அறுபத்தைந்து வயதுக்காரருக்கு அந்த வலி ஒன்றுதான் எச்சரிக்கை மணி.

1970களின் கடைசியில் எங்கள் பெரியப்பாவுக்கு அந்த மணி அடித்தது. அரிசி ஆலையில் கணக்கெழுதியவர். நீரிழிவு இருந்தது, சோதனைக் குழாயில் நீல நிற பெனடிக்ட் திரவத்தை ஊற்றி, சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் அன்று சோறு பாதி. அவருக்குப் பெரும்பாலும் செங்கல்தான். காது அடைத்த மாதிரி இருக்கிறது என்று போய் சிரிஞ்சு அடித்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு வலி. பகலில் பொறுத்துக்கொள்வார், இரவில் எழுந்து உட்கார்ந்துவிடுவார். வாயைத் திறந்து மெல்ல முடியாது. பல் வலி என்று ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். ஒரு நாள் காலையில் காப்பி குடிக்கும்போது வாயோரம் வழிந்தது. கண் மூடவில்லை. முகவாதம் என்று சொல்லி, வாதத்துக்குப் பேர்போன ஓர் ஊருக்குப் பச்சிலைக்கு அழைத்துப் போனார்கள். காது என்ற வார்த்தையையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவரால் தண்ணீரைக்கூட விழுங்க முடியவில்லை.

அந்த நோய்க்கு அப்போதே பெயர் இருந்தது. 1838இலேயே பிரான்சில் துல்மூஷ் என்பவர் இப்படி ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். 1959இல் மெல்ட்சரும் கெலமெனும் சூடோமோனாஸ் கிருமி காதிலிருந்து எலும்புக்குள் பரவியதை விவரித்தார்கள். 1968இல் ஜேம்ஸ் சாண்ட்லர் என்ற அமெரிக்க மருத்துவர் இப்படிப்பட்ட 13 நோயாளிகளை ஒன்றாக வைத்து எழுதி, 'மாலிக்னன்ட்' என்ற அடைமொழியைக் கொடுத்தார். புற்றுநோய் அல்ல, ஆனால் நடத்தை அப்படி. அந்தக் கால அறிக்கைகளில் சுமார் பாதிப்பேர் இறந்திருக்கிறார்கள். இன்று எலும்பை அரிக்கும் புறக்காது அழற்சி என்று சொல்லும் வழக்கம் பரவியிருந்தாலும் வார்டுகளில் பழைய பெயரே புழங்குகிறது.

கிருமி போகும் வழி கொடுமையானது. குழாயின் குருத்தெலும்புத் தரையில் இயற்கையாகவே சில வெடிப்புகள் உண்டு. அவற்றின் வழியே சூடோமோனாஸ் கீழே இறங்கி மண்டையோட்டின் அடித்தளத்தை அடைகிறது. முதலில் வரும் நரம்பு முகத்துக்கானது, ஆகவே வாய் கோணுகிறது. இன்னும் உள்ளே போனால் விழுங்குவதற்கும் குரலுக்குமான நரம்புகள், பிறகு நாக்கின் நரம்பு. வெளியிலிருந்து பார்த்தால் காதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. குருத்தெலும்பும் எலும்பும் சேருமிடத்தில் சிவப்பாகச் சின்னச் சதை வளர்ச்சி, கொஞ்சம் சீழ். அவ்வளவுதான். சர்க்கரை நோயில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெட்டுப்போகின்றன, வெள்ளணுக்கள் மந்தமாகின்றன, குறும்பியின் அமிலத்தன்மையும் குறைகிறது. இப்படி மூன்று காவலும் விலகிய காதில் தண்ணீரைப் பீய்ச்சினால் என்ன ஆகும்? வயதான சர்க்கரை நோயாளிகளில் பலருக்கு இந்த நோய் தொடங்குவதற்குச் சற்று முன்பு காதைத் தண்ணீரால் கழுவியிருந்தார்கள் என்று பின்னாளில் கவனிக்கப்பட்டது. பெரியப்பாவின் சிரிஞ்சை நினைக்காமல் அதைப் படிக்க முடியவில்லை.

அன்று கையிலிருந்தவை கார்பெனிசிலின், ஜென்டாமைசின் ஊசிகள். வாரக்கணக்கில் போட வேண்டும். ஜென்டாமைசின் சிறுநீரகத்தையும் கேட்கும் திறனையும் தின்னும். கூடவே அறுவை சிகிச்சை, அழுகிய எலும்பைத் தோண்டித் தோண்டி எடுப்பது. எவ்வளவு எடுத்தாலும் கிருமி அடுத்த எலும்பில் இருந்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. எலும்பின் கால்சியத்தில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகுதான் சிடி ஸ்கேனே அதைச் சொல்லும் என்றால் எக்ஸ்ரேயைக் குறை சொல்லி என்ன பயன்?

1980களில் காட்சி மாறியது. டெக்னீசியம் ஊசி போட்டு எடுக்கும் எலும்பு ஸ்கேன், சிடியில் தெரிவதற்கு முன்பே எலும்பு பற்றியெரிவதைக் காட்டியது. 1987இல் கோஹனும் ஃப்ரீட்மனும் எதையெல்லாம் பார்த்து இந்த நோயை உறுதி செய்யலாம் என்று ஒரு பட்டியல் தந்தார்கள்: வலி, சீழ், வீக்கம், சதை வளர்ச்சி, நுண்சீழ்க் கட்டிகள், ஸ்கேன். ஸ்கேன் வசதி இல்லாத இடத்தில், உள்ளே திரி வைத்து ஒரு வாரம் வைத்தியம் பார்த்தும் கேட்காவிட்டால் அதுவும் அடையாளம்தான். அதே 1987இல் அமெரிக்காவில் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. சூடோமோனாஸைக் கொல்லும் மருந்து விழுங்கும் வடிவில் வந்தது. எலும்புக்குள்ளும் நன்றாகப் போகும். வார்டில் மாதக்கணக்கில் கிடந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்து காலையும் மாலையும் 750 மில்லிகிராம் மாத்திரை போட்டுக்கொண்டு ஆறு, எட்டு வாரத்தில் தேறினார்கள். சாவு வெகுவாகக் குறைந்தது. அறுவை சிகிச்சை பெரும்பாலும் சதைத் துணுக்கு எடுப்பதோடு நின்றது.

அந்தப் பொற்காலம் பத்துப் பதினைந்து வருடம்கூட நிற்கவில்லை. சிறுநீர்க் கடுப்புக்குச் சிப்ரோ, வயிற்றுப்போக்குக்குச் சிப்ரோ, கண் சிவந்தால் சிப்ரோ சொட்டு, காது நமைச்சலுக்கும் அதே சொட்டு. அஞ்சு ரூபாய்க்கு இரண்டு மாத்திரை வாங்கி இரண்டு நாள் போட்டு நிறுத்தியவர்கள் எத்தனை பேர். 2000களின் தொடக்கத்திலிருந்தே இந்தக் காது நோயில் சிப்ரோவுக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் பற்றிப் பல நாட்டு மருத்துவர்கள் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். இன்று பலருக்கு மறுபடி ஊசிதான்: செஃப்டாசிடிம், பைப்பராசிலின்-டாசோபாக்டம், அதற்கும் கட்டுப்படாவிட்டால் மெரோபெனம். கையில் ஊசிக் குழாயோடு மீண்டும் வாரக்கணக்கில் வார்டு. இந்த ஒரு விஷயத்தில் நாம் பெரியப்பாவின் காலத்துக்குத் திரும்பி நடந்திருக்கிறோம்.

சொட்டு மருந்தின் இன்னொரு வினையும் உண்டு. எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று சொல்லும் கல்ச்சர் சோதனைக்குச் சீழ் எடுத்து அனுப்பினால், முன்பே இரண்டு புட்டி விட்டிருப்பதால் கிருமி ஒன்றும் வளரவில்லை என்று அறிக்கை வருகிறது. கிருமி உள்ளே எலும்பில் இருக்கிறது, மேலே மட்டும் துடைத்துவிட்டிருக்கிறோம். அப்போது டாக்டர் ஊகத்தில் வைத்தியம் செய்ய வேண்டியதாகிறது, அல்லது ஆழத்திலிருந்து சதை எடுக்க வேண்டியதாகிறது. அந்தச் சதையை நோயியல் சோதனைக்கும் அனுப்புவார்கள், இரண்டு காரணத்துக்காக. காதுக் குழாயில் வரும் புற்றுநோயும் பார்வைக்கு இதே போல்தான் இருக்கும். இன்னொன்று, உள்ளே இருப்பது பூஞ்சையாக இருக்கலாம்.

பூக்கார அம்மாவின் காதில் இருந்தது தோலின் மேல் வளர்ந்த பூஞ்சை. எடுத்துப் போட்டால் தீர்ந்தது. எலும்புக்குள் போகும் பூஞ்சை வேறு ஜாதி. எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களிடம் ஆஸ்பர்ஜிலஸ் அப்படிப் போவது முன்பும் உண்டு, அரிதாக. இப்போது பாக்டீரியாவுக்கு வைத்தியம் நடந்தும் வலி நிற்காத சர்க்கரை நோயாளிகளிடமும் அதைத் தேடுகிறார்கள். பழைய ஆயுதம் ஆம்போடெரிசின். ஊசி ஏறும்போதே குளிரும் நடுக்கமும், பிறகு சிறுநீரகத்துக்கு அடி. 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வோரிகோனசோல் மாத்திரையாகவே போடலாம், மூன்று மாதம், அதற்கு மேலும். சிலருக்கு மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் நிறங்கள் மாறித் தெரியும், வெளிச்சம் கூசும், பயந்துபோய் நிறுத்திவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லி வைத்தால் பொறுத்துக்கொள்கிறார்கள்.

தமிழ்நாட்டில் காது மூக்கு தொண்டை மருத்துவர்களுக்கு இந்தப் பூஞ்சை மருந்துகள் கைப்பழக்கமானது 2021இல். கொரோனாவின் இரண்டாம் அலையை ஒட்டி, ஸ்டீராய்டும் கட்டுக்கடங்காத சர்க்கரையும் சேர்ந்து மியூகர் பூஞ்சையை மூக்கிலும் கண்ணிலும் கொண்டுவந்து நிறுத்தின. அதை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக அந்த மே மாதம் தமிழ்நாடு சேர்த்தது. ஆம்போடெரிசினுக்கு மக்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். அது மூக்கின் கதை, காதின் கதை அல்ல. ஆனால் சர்க்கரை நோயாளி முகத்தில் வலி என்றால் எம்ஆர்ஐ எடு, சதையை எடுத்துப் பூஞ்சை தேடு என்ற பழக்கம் மாவட்ட மருத்துவமனை வரை இறங்கியது அந்தச் சில மாதங்களில்தான். பெரியப்பாவைப் போன்ற ஒருவர் இன்று வந்தால் பல்லைப் பிடுங்குவதற்கு முன் யாராவது ஒருவர் காதைப் பார்ப்பார் என்று நம்பலாம்.

பூஞ்சைப் பக்கத்தில் இன்னொரு புதுப் பெயரையும் சொல்லியாக வேண்டும். 2009இல் ஜப்பானில் எழுபது வயது மூதாட்டி ஒருவரின் காதிலிருந்து எடுத்த கேண்டிடா, அதுவரை அறியாத இனமாக இருந்தது. கேண்டிடா ஆரிஸ் என்று பெயரிட்டார்கள். சாதுவாகக் காதில் கிடந்த அந்த இனம் சில ஆண்டுகளில் உலகெங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பல மருந்துகளுக்கும் அடங்காமல் பரவியது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில் அதற்கு முதல் வரிசை.

வீட்டில் என்ன மாறியது? கோழி இறகு போய் பட்ஸ் வந்தது. காதுக்குள் விடாதே என்று அட்டையிலேயே எழுதியிருக்கும், படிக்கிறவர் யார். இப்போது நாள் முழுக்கக் காதை அடைத்துக்கொள்ளும் இயர்பட்ஸ், வியர்வையோடு. எண்ணெய் இன்னும் போகவில்லை. பெனடிக்ட் குழாய் போய் விரல்நுனியில் குத்திப் பார்க்கும் கருவி வந்துவிட்டது. 2021இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால் இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்று ஐசிஎம்ஆர் ஆய்வு 2023இல் கணக்குச் சொன்னது. பெரியப்பாவின் காலத்தில் தெருவுக்கு ஒருவர் என்றிருந்த நோய் வீட்டுக்கு ஒருவர் என்றாகும்போது, அரிதான காது நோய் அரிதாகவே இருந்துவிடாது.

வைத்தியத்தில் இன்றைக்குப் பெரிய தலைவலி, எப்போது நிறுத்துவது என்பது. டெக்னீசியம் ஸ்கேன் நோய் தீர்ந்த பிறகும் மாதக்கணக்கில் எலும்பைக் காட்டிக்கொண்டே இருக்கும். அதை வைத்து நிறுத்த முடியாது. காலியம் ஸ்கேன் பொருத்தமானது, எல்லா ஊரிலும் கிடையாது. சில பெரிய இடங்களில் பெட் ஸ்கேன் எடுக்கிறார்கள். மற்றவர்கள் நம்புவது ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற இரண்டு மலிவான ரத்தப் பரிசோதனைகளையும் நோயாளியின் தூக்கத்தையும். ராத்திரி வலியில்லாமல் தூங்கினாரா, ஈஎஸ்ஆர் இறங்குகிறதா? நின்ற பிறகும் ஒரு வருடம் வரை திரும்பலாம் என்பதால் அதுவரை வரச் சொல்வார்கள்.

வலி முதல் சில வாரங்களிலேயே அடங்கிவிடுகிறது. வம்பு அங்கேதான். வலி போனால் நோய் போனது என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். மீதி மாத்திரை மேஜை டிராயருக்குள் போய்விடும். இன்னும் சிலர் சிப்ரோவைப் பாலோடு விழுங்குகிறார்கள், வயிறு புண்ணாகாமல் இருக்க. பாலின் கால்சியம் மருந்தைக் கட்டிப்போட்டுவிடும், ரத்தத்தில் சேர வேண்டிய அளவு சேராது. சர்க்கரை மாத்திரையும் சிப்ரோவும் சேர்ந்து சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வந்தவர்களும் உண்டு; அவர்கள் காது மாத்திரையைத்தான் நிறுத்துகிறார்கள். எனக்குத் தெரிந்த காது டாக்டர் ஒருவர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். காலி மாத்திரை அட்டைகளை மஞ்சள் பையில் போட்டு எடுத்து வர வேண்டும். எண்டோஸ்கோப்பைக் கையில் எடுப்பதற்கு முன்பே, "அட்டையெல்லாம் கொண்டாந்தீங்களா ஐயா?" என்று கேட்டு, பையை வாங்கி மேஜையில் கொட்டி எண்ணுகிறார். கணக்கு உதைத்தால் மகளையோ மருமகளையோ உள்ளே கூப்பிடுகிறார்.